பச்சைப் பால்

ரோஜா வெளியே போக எட்டுத் தாள்.
எட்டும் எனக்கு மனப்பாடம்.
பூச்சி இல்லை, புழு இல்லை, மண் ஒட்டவில்லை என்று
ஓசூரில் நான் போடும் கையெழுத்தை நம்பி
ஆம்ஸ்டர்டாமில் கதவைத் திறக்கிறார்கள்.

உள்ளே வந்தது ஒன்றேகால் கிலோ.
யோப்புக்கு அவர் தங்கை அனுப்பிய சீஸ்.
மெழுகு பூசி, துணி சுற்றி,
மேலே மாட்டின் பெயரும் எழுதியிருந்ததாம்.
நான் பார்க்கவில்லை. தேவனஹள்ளியிலேயே நிறுத்திவிட்டார்கள்.

ஏஜென்ட் ஜபியுல்லா போனில் ஒவ்வொன்றாய்க் கேட்டார்.
"மேடம், காய்ச்சின பாலா, காய்ச்சாததா?"
காய்ச்சாதது.
"உறைய வைக்க என்ன போட்டாங்க? கன்னுக்குட்டி வயிறா?"
யோப்பைக் கேட்டேன். ஆமாம் என்றார்,
உப்புப் போட்டோம் என்பதைப் போல.
"லைசென்ஸ்?"
யாருக்கு, தங்கைக்கா?
"ரெண்டு வழிதான் மேடம். திருப்பி அனுப்பணும், இல்ல அழிக்கணும்.
சீக்கிரம் சொல்லுங்க,
பக்கத்துல மருந்துப் பெட்டி வச்சவர் நாத்தம்னு சண்டைக்கு வர்றார்."

திருப்பி அனுப்பும் கூலி சீஸைப் போல் மூன்று மடங்கு.
அழிக்கும் தாளில் நான்தான் கையெழுத்துப் போட்டேன்.
அதே பேனாதான்.

நல்ல சீஸ் எங்கே கிடைக்கும்?
பாகலூர் ரோட்டு சூப்பர் மார்க்கெட்டில்
பத்துத் துண்டு, பத்தும் ஒரே சதுரம், நடுநடுவே பிளாஸ்டிக்.
எது தாள், எது சீஸ் என்று கேட்டார் யோப். கிண்டல்தான்.

ஞாயிற்றுக்கிழமை அத்திப்பள்ளி தாண்டி இந்திராநகர் போனோம்.
கண்ணாடிக்குள் விளக்குப் போட்டு வைத்திருந்தார்கள்,
நகைக்கடை மாதிரி.
பல்குச்சியில் துணுக்குத் துணுக்காய்க் குத்திக் கொடுத்த பெண்
இது கொடைக்கானல் என்றாள், இது ஆரோவில் என்றாள்.
நூறு கிராமுக்கு அவள் சொன்ன விலை
எங்கள் பேக்கிங் ஷெட்டில் இரண்டு நாள் சம்பளம்.
கண்ணை மூடி மென்றார் யோப்.
"நன்றாக இருக்கிறது" என்றார். "ஆனால் தூங்குகிறது."

அப்புறம்தான் மத்திகிரிக்குப் போனோம்.
முனிரத்னம்மாவிடம் நாலு மாடு.
சொசைட்டி வண்டி வருமுன்னே பத்து லிட்டர்,
காய்ச்சாமல், அப்படியே வேண்டும் என்றேன்.

"பச்சைப் பாலா? புத்துக்கா?"
இல்லை.
"யாருக்காச்சும் பால் ஊத்தணுமா?"
இல்லம்மா. இவர் சாப்பிட.

யோப்பை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள்.
ஆறடி நாலங்குலம், அதனால் நேரமானது.
எங்கள் பக்கம் எல்லோருக்கும் தெரிந்த சட்டம் அது:
பச்சையாய்ப் பாம்புக்கும் பிணத்துக்கும்,
பொங்க வைத்து மனுசருக்கு.
எந்த இலாகாவும் எழுதித் தந்ததில்லை.

பச்சைப் புள்ளி போட்ட உறைபொடி தபாலில் வந்தது.
பால் கெட்டியானது. அறுத்தார், வடித்தார்,
ஓட்டை போட்ட அலுமினியத் தூக்கில் அடைத்து
மேலே உரமூட்டைக் கல்லை ஏற்றினார்.
பூக்களின் குளிர் அறையில், சிவப்பு வாளிகளுக்குப் பின்னால்,
தினமும் ஒருமுறை திருப்பிப் போட வேண்டும். அறுபது நாள்.

முப்பத்தெட்டாம் நாள் அவர் ஒப்பந்தம் முடிந்தது.
மீதியை நான் திருப்பினேன்.
பிப்ரவரி. ராத்திரி ஷிப்ட். காதலர்களுக்கு
ஒரு லாரிக்கு அறுநூறு பெட்டி.
அவருக்கு இதை அனுப்ப வழி உண்டா என்று
இடையில் விதிகளைப் படித்தேன்.
நம் பால் அங்கே நுழையக் கூடாதாம்,
காய்ச்சினாலும்.

அறுபத்தோராம் நாள் வெட்டினேன்.
தோலில் சாம்பல் பூத்திருந்தது.
வாசம் முதலில் நனைந்த சாக்கு, பிறகு வறுத்த வேர்க்கடலை,
பிறகு எந்தத் தாளிலும் கட்டம் இல்லாத ஒன்று.

ஒரு துண்டை மத்திகிரிக்கு எடுத்துப் போனேன்.
முனிரத்னம்மா மோந்தாள். நாக்கு நுனியில் வைத்தாள்.
கட்டியிருந்த மாட்டை ஒருதரம் திரும்பிப் பார்த்தாள்.
"பத்து லிட்டருக்கு இவ்வளவுதானா?" என்றாள்.

யோப் கேட்டு அனுப்பியிருக்கிறார்:
விழித்திருக்கிறதா?
இன்னும் பதில் போடவில்லை.
வாயில் இருக்கிறது.